மெசேஜ் இப்ப யார் கையில இருக்கு?

2007. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வெளிநாட்டு வங்கி ஒன்றின் பணப் பரிமாற்ற அமைப்புகளைச் சென்னையிலிருந்து கவனித்துக்கொள்ளும் குழுவில் நான் இருந்தேன். இரவு ஷிஃப்ட். ஒன்றரை மணி இருக்கும், ஒரு சேனல் சிவப்பாகிவிட்டது. கிளைகளின் கணினியிலிருந்து மையக் கணினிக்குப் பணம் அனுப்பும் உத்தரவுகள் போகும் வழி அது. அது ஓடியது ஐபிஎம் எம்க்யூவில், நிரல்களுக்கு நடுவில் மெசேஜ்களை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மென்பொருள். திரையில் அதன் நிலை 'இன்டவுட்' என்று இருந்தது.

எம்க்யூ மெசேஜ்களை ஒவ்வொன்றாக அனுப்பாமல் கட்டுக்கட்டாக அனுப்பும். நாம் மாற்றாவிட்டால் ஒரு கட்டில் 50 வரை இருக்கும். ஒரு கட்டு போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கம் "வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டேன்" என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வருவதற்குள் லைன் அறுந்துபோனால் அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியாது. போய்ச் சேர்ந்ததா, வழியிலேயே போனதா? அந்த நிலைக்குத்தான் இன்டவுட் என்று பெயர். வழக்கமாக லைன் வந்ததும் இரு பக்கமும் பேசித் தானே சரிசெய்துகொள்ளும். அன்று அந்தப் பக்கத்துச் சேனலை யாரோ அழித்துப் புதிதாக உருவாக்கியிருந்ததால் தானாகச் சரியாகவில்லை. கையால்தான் தீர்க்க வேண்டும். அதற்கு ஒரு கட்டளையும் இரண்டு விடைகளும் உண்டு. 'கமிட்' என்றால் போய்ச் சேர்ந்ததாக எடுத்துக்கொண்டு இங்கிருக்கும் பிரதியை அழித்துவிடும். 'பேக்அவுட்' என்றால் இங்கேயே வைத்துக்கொண்டு மறுபடி அனுப்பும்.

மறுபடி அனுப்புவதுதான் பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றியது. கட்டளையை அடித்துவிட்டேன், என்டர் மட்டும்தான் பாக்கி. பின்னால் நின்ற சீனியர் அக்கா, "கைய எடும்மா" என்றார். சத்தம் போடவில்லை. "மெசேஜ் இப்ப யார் கையில இருக்கு? அத மட்டும் சொல்லு."

எனக்குத் தெரியவில்லை.

"தெரியாம எப்படி அனுப்புவ? அங்க ஏற்கெனவே போயிருந்தா அம்பது பேரோட பணம் ரெண்டு தடவ போகும்."

ஒவ்வொரு கட்டுக்கும் எம்க்யூ ஓர் அடையாளம் வைத்திருக்கும். எண்ணும் எழுத்துமாக நீளமான ஒன்று. இந்தப் பக்கம் தவிப்பில் நிற்கும் கட்டின் அடையாளத்தையும், அந்தப் பக்கம் கடைசியாகப் பத்திரப்படுத்திய கட்டின் அடையாளத்தையும் ஒப்பிட வேண்டும். ஒன்றாக இருந்தால் போய்ச் சேர்ந்துவிட்டது, கமிட். வேறாக இருந்தால் சேரவில்லை, பேக்அவுட். அந்தச் சேனலை அழித்தவர்கள் பழைய நிலைக் குறிப்பை நல்லவேளையாக எடுத்து வைத்திருந்தார்கள். அக்கா அந்தப் பக்கத்து ஆபரேட்டரைப் போனில் பிடித்து ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கச் சொன்னார். நான் திரையில் விரலை வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். கடைசி எழுத்து வரை பொருந்தியது. நான் என்டரை அழுத்தியிருந்தால் ஐம்பது உத்தரவுகளும் இரண்டாம் முறை போயிருக்கும்.

அதன் பிறகு மூன்று நிறுவனங்கள் மாறிவிட்டேன். இப்படி நிரல்களுக்கு நடுவில் நிற்கும் மென்பொருளுக்கு மிடில்வேர் என்று பெயர், அதன் அலை ஒவ்வொன்றாக வந்து போவதைப் பார்த்தேன். ஒவ்வோர் அலையின்போதும் அக்காவின் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டேன். இந்தத் துறையில் வந்த பெரிய மாற்றங்கள் எல்லாமே மெசேஜின் பொறுப்பை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றியவைதான் என்பது என் எண்ணம். பொறுப்பு எங்கே போய் உட்கார்ந்தது என்று கவனிக்காத ஒவ்வொரு முறையும் நாங்கள் அடிபட்டிருக்கிறோம்.

எம்க்யூ 1993-ல் வந்தது. அப்போது பெயர் எம்க்யூசீரிஸ். அதற்கு முன் இரண்டு நிரல்கள் பேச வேண்டுமென்றால் பெரும்பாலும் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நடுவில் நெட்வொர்க்கும் உயிரோடு இருக்க வேண்டும். எம்க்யூ பதிவுத் தபால் மாதிரி வேலை செய்தது. கவுண்டரில் கொடுத்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது, சேர்ப்பது தபால்காரர் பாடு, பெற்றவர் கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை திரும்பி வரும். பொறுப்பு முழுக்க நடுவில் இருப்பவருடையது. வங்கிகள் இன்றும் அதை விடாமல் வைத்திருப்பது பழக்கதோஷத்தால் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த இரவில் ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டு விடை சொல்ல முடிந்ததே, அந்த ஒழுங்குக்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதே காலத்தில் இன்னொரு கிளையும் வளர்ந்தது. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே 1980-களின் நடுவில் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. கணினிக்குள் தகடுகளை இணைக்கும் 'பஸ்' எப்படியோ, அப்படி மென்பொருள்களுக்கு ஒரு தகவல் பஸ். ஒருவர் ஒரு தலைப்பில் சொன்னால் வேண்டியவர்கள் எல்லோரும் கேட்டுக்கொள்ளலாம். பங்குச் சந்தை வர்த்தகர்களின் மேசைக்கு விலைகள் அப்படித்தான் ஓடின. 'டிப்கோ' என்ற பெயரில் இருப்பது அந்தத் தகவல் பஸ்தான். இன்று பப்-சப் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் சங்கதி அந்த வர்த்தகத் தளங்களில் பழகி வந்தது.

2012-ல் இணையத்தில் விற்கும் கடைகளுக்குப் பார்சல் கொண்டு சேர்க்கும் நிறுவனத்துக்கு மாறினேன். அங்கே ராபிட்எம்க்யூ, இதுவும் மெசேஜ் கைமாற்றும் மென்பொருள்தான். லைசென்ஸ் பணம் கிடையாது, ஒரு மதியத்தில் நிறுவிவிடலாம். தொலைபேசி இணைப்பகங்களுக்காக எரிக்சனில் உருவான எர்லாங் மொழியில் எழுதப்பட்டது, 2007-ல் வெளிவந்தது. அது பின்பற்றும் ஏஎம்க்யூபி நெறிமுறையின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஜேபி மார்கன் வங்கியில் ஜான் ஓஹாரா 2003-ல் ஆரம்பித்த வேலை அது. ஜாவா மொழிக்காரர்களிடம் மெசேஜ் அனுப்ப ஜேஎம்எஸ் என்ற பொது முறை ஏற்கெனவே இருந்தது. ஆனால் ஜேஎம்எஸ் நிரல் எழுதும் முறையை மட்டும்தான் ஒன்றாக்கியது. கம்பியில் என்ன ஓடுகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. நடுவில் நின்று மெசேஜை வாங்கிக் கொடுக்கும் நிரலுக்கு ப்ரோக்கர் என்று பெயர், ஒருவர் ப்ரோக்கரோடு இன்னொருவரின் நிரல் நூலகம் பேசாது. விற்பவர்கள் மாற்ற மாட்டார்கள் என்று தெரிந்தபின் வாங்குகிறவர்களே கூடிக் கம்பிக்கான நெறிமுறையை எழுதினார்கள். வாடிக்கையாளரே ஒரு துறையின் இலக்கணத்தை எழுதியது அபூர்வம்.

ராபிட்டில் நான் கற்ற பாடம் ஒரு தீபாவளி விற்பனையில் வந்தது. மாலை ஏழு மணி, ஆர்டர்கள் கொட்டின. மெசேஜை எடுத்து டேட்டாபேஸில் எழுதும் கன்ஸ்யூமர்கள் மெதுவாகின, காரணம் டேட்டாபேஸ் திணறியது. க்யூ நீண்டது, நினைவகம் நிரம்பியது. ஒரு வரம்பைத் தாண்டியதும் ராபிட், மெசேஜ் போடுகிற இணைப்புகளிலிருந்து வாசிப்பதை நிறுத்திவிடும். தன் உயிரைக் காத்துக்கொள்ள அது செய்கிற சரியான காரியம். கன்ஸ்யூமர்கள் எடுக்க எடுக்க க்யூ குறையும், கதவு மறுபடி திறக்கும். எங்களிடம் திறக்கவே இல்லை.

விடிய விடியத் தேடிக் கண்டுபிடித்தோம். எங்கள் சேவைகள் மெசேஜ் போடுவதற்கும் எடுப்பதற்கும் ஒரே இணைப்பைப் பயன்படுத்தின. போடுகிற இணைப்பு என்பதால் ராபிட் அதை வாசிக்காமல் நிறுத்தியது. கன்ஸ்யூமர் "இதை முடித்துவிட்டேன்" என்று அனுப்பிய ஒப்புகையும் அதே இணைப்பில்தான் போக வேண்டும், அதுவும் வாசிக்கப்படவில்லை. ஒப்புகை வராததால் மெசேஜ் அழியவில்லை, மெசேஜ் அழியாததால் கதவு திறக்கவில்லை. ஒற்றைப் பாதையில் இரண்டு லாரி எதிரெதிரே நின்ற கதை. போட ஓர் இணைப்பு, எடுக்க ஓர் இணைப்பு என்று பிரித்ததும் தீர்ந்தது.

அதோடு இன்னொன்றும் அகப்பட்டது. ஒரு கன்ஸ்யூமர் ஒரே நேரத்தில் எத்தனை மெசேஜைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு 'ப்ரீஃபெட்ச்' என்று ஓர் அளவு உண்டு. நாம் சொல்லாவிட்டால் வரம்பே கிடையாது. முதலில் எழுந்த கன்ஸ்யூமர் க்யூ முழுவதையும் மடியில் கட்டிக்கொள்ளும், பின்னால் எழுந்தவை சும்மா நிற்கும். எங்களுக்கு 20 என்ற அளவு ஒத்துவந்தது. உங்களுக்கு எவ்வளவு என்பது ஒரு மெசேஜுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பொறுத்தது. அளந்து பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

2017-ல் காஃப்காவுக்கு மாறினோம். இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது. க்யூ என்றே நினைத்துக்கொண்டு அணுகியதுதான் தவறு. விளங்கியது கணினி முன்னால் இல்லை, ஊரில்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். அந்த வருடம் பெரியப்பா விருந்து வைத்தார். பந்தலில் வரிசையாக மேசைகள், ஊருக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு நோட்டு. மொய் எழுதுபவர் வரவை அடுத்த வரியில் எழுதுவார், அவ்வளவுதான். எழுதியதை அழிப்பது கிடையாது. தப்பாகிப் போனால் கீழே இன்னொரு வரி. விருந்து முடிந்த இரவில் பெரியப்பா ஒரு நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் கூட்டிக்கொண்டிருந்தார். என் அப்பா அதே நோட்டை வாங்கி நடுவிலிருந்து பார்த்தார், இவர் எங்களுக்குச் செய்தாரா என்று. வாசித்ததால் நோட்டிலிருந்து ஒரு வரியும் போய்விடவில்லை. யார் எதுவரை வாசித்தார் என்பது நோட்டுக்குத் தெரியாது, அவரவர் விரல் வைத்த இடம் அவரவர்க்கு.

காஃப்கா அதுதான். லிங்க்ட்இனில் ஜே கிரெப்ஸ், நேஹா நார்கடே, ஜுன் ராவ் உருவாக்கி 2011-ல் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். டாபிக் என்பது விருந்து. பார்ட்டிஷன் என்பது ஒரு மேசையின் நோட்டு. ஆஃப்செட் என்பது விரல் வைத்த இடம். எம்க்யூவிலும் ராபிட்டிலும் யார் எதை வாங்கினார் என்று ப்ரோக்கர் ஒவ்வொரு மெசேஜுக்கும் கணக்கு வைத்தது. இங்கே ஒவ்வொரு வாசகர் குழுவுக்கும் பார்ட்டிஷனுக்கு ஓர் எண் மட்டும். அந்த விரலை எப்போது நகர்த்துவது என்பது வாசிப்பவர் பொறுப்பு. அதனால்தான் அத்தனை வேகம், நேற்றைய தரவை இன்று மறுபடி வாசிக்கும் வசதி, பத்துக் குழுக்கள் ஒரே நோட்டை வாசிக்கும் வசதி. அதனால்தான் எங்களுக்கு வந்த கஷ்டங்களும்.

மேசை உவமை இன்னொரு பாடத்தையும் சொன்னது. வரிசை ஒரு நோட்டுக்குள் மட்டும்தான் நிச்சயம். இரண்டு மேசைகளில் எழுதியவற்றில் எது முந்தியது என்று கேட்கக் கூடாது. பெரியப்பாவின் சொந்த ஊர் மேசையில் ஆட்கள் பந்தலுக்கு வெளியே வரை நின்றார்கள், பக்கத்து மேசையில் எழுதுபவர் விசிறிக்கொண்டிருந்தார். எங்கள் நிறுவனத்தில் அப்படியே நடந்தது. எந்த மெசேஜ் எந்தப் பார்ட்டிஷனுக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சாவியாக விற்பனையாளர் எண்ணை வைத்திருந்தோம். ஒரே ஒரு பெரிய விற்பனையாளர், அவருடைய பார்சல்கள் எல்லாம் ஒரே பார்ட்டிஷனில், அது மட்டும் நாற்பது நிமிடம் பின்தங்கியது. வரிசை எங்கே உண்மையில் தேவை என்று உட்கார்ந்து யோசித்தோம். ஒரு பார்சலின் நிலைகள் வரிசையாக வந்தால் போதும், விற்பனையாளருக்கு வரிசை தேவையே இல்லை. பார்சல் எண்ணைச் சாவியாக்கினோம், சுமை பரவியது. பார்ட்டிஷன் எண்ணிக்கையைப் பாதியில் கூட்டினால் அதே சாவி வேறு பார்ட்டிஷனுக்குப் போய்விடும், ஓர் ஊரின் மொய் பாதி இந்த நோட்டிலும் பாதி அந்த நோட்டிலும் கிடப்பது போல. ஆகவே தொடக்கத்திலேயே கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.

இனி, என்னால் மறக்க முடியாத ஒரு நாள்.

பார்சல் நிலை மாறினால் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் கன்ஸ்யூமர் ஒன்றை எங்கள் குழு எழுதியது. நான்தான் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். காஃப்கா கன்ஸ்யூமர் ஒரு தடவைக்கு 500 மெசேஜ் வரை எடுக்கும், அது இயல்பான அமைப்பு. எடுத்ததை முடித்து அடுத்ததற்கு ஐந்து நிமிடத்துக்குள் திரும்பி வராவிட்டால் அது செத்துவிட்டதாகக் குழு எடுத்துக்கொண்டு அதன் பார்ட்டிஷனை வேறொரு கன்ஸ்யூமரிடம் கொடுத்துவிடும். அன்று எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை மெதுவானது. ஒன்றுக்கு 0.8 விநாடி. 500 மெசேஜுக்கு 400 விநாடி, வரம்போ 300. கன்ஸ்யூமர் அனுப்பிக்கொண்டே இருந்தது, ஆனால் கணக்கில் அது செத்துவிட்டது. அடுத்த கன்ஸ்யூமர், கடைசியாகப் பதிவான ஆஃப்செட்டிலிருந்து அதே 500-ஐ மறுபடி அனுப்ப ஆரம்பித்தது. அதுவும் 400 விநாடி. அதையும் வெளியேற்றினார்கள். இப்படியே ஒன்றரை மணி நேரம். எங்கள் திரையில் எல்லாம் பச்சை, ஏனென்றால் எஸ்எம்எஸ் போய்க்கொண்டுதானே இருந்தது.

சேலத்திலிருந்து ஒரு பெரியவர் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்த பிறகுதான் தெரிந்தது. "டெலிவரி ஊழியர் உங்கள் வாசலில் இருக்கிறார்" என்ற செய்தி அவருக்கு 14 தடவை வந்திருந்தது. அந்த அழைப்பின் பதிவைக் கேட்டேன். "நாலு தடவ மாடி எறங்கி வாசலுக்குப் போயிட்டு வந்தேம்மா, யாருமே இல்ல. எனக்கு முழங்கால் வலிம்மா." அவர் கோபப்படவே இல்லை. அந்தக் குரல் இன்றும் எனக்குக் கேட்கிறது. அதன் பிறகு டூப்ளிகேட் மெசேஜ் என்ற சொல்லை யாராவது மீட்டிங்கில் லேசாகச் சொன்னால் அவரைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுவேன்.

செய்த திருத்தங்கள் எளியவை. ஒரு தடவைக்கு எடுப்பதை 50 ஆக்கினோம். பார்சல் எண்ணும் நிலையும் சேர்ந்த ஒரு சாவியை டேட்டாபேஸில், ஒரே சாவியை இரண்டாம் முறை எழுத முடியாதபடி ஒரு கட்டுப்பாட்டோடு, முதலில் எழுதுவது, எழுத முடிந்தால் மட்டும் அனுப்புவது என்று மாற்றினோம். எழுதிய பிறகு அனுப்புவதற்குள் நிரல் செத்தால் ஓர் எஸ்எம்எஸ் போகாமல் போகலாம். டெலிவரிச் செய்திக்கு அது பரவாயில்லை என்று கூடிப் பேசி முடிவெடுத்தோம். பணம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். இந்த முடிவை எடுக்காமல் விட்டால் அமைப்பு தானே ஒன்றை எடுத்துவிடும், அதுதான் ஆபத்து. எச்சரிக்கையையும் மாற்றினோம். எத்தனை அனுப்பினோம் என்பதை விட ஆஃப்செட் முன்னே நகர்கிறதா என்பதைப் பார்க்க ஆரம்பித்தோம்.

"அதுதான் காஃப்காவில் சரியாக ஒரே தடவை என்ற வசதி வந்துவிட்டதே" என்று அப்போது ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. 2017 ஜூனில் 0.11 பதிப்பில் வந்தது. ப்ரொட்யூசர் மறுபடி அனுப்பினாலும் ஒரே தடவை எழுதப்படும், காஃப்காவிலிருந்து வாசித்துக் காஃப்காவிலேயே எழுதுவதை ஒரே பரிவர்த்தனையாக, அதாவது நடந்தால் எல்லாம், இல்லாவிட்டால் எதுவும் இல்லை என்றபடி, செய்யலாம். அந்த எல்லைக்குள் அது உண்மை. எஸ்எம்எஸ் காஃப்காவுக்கு வெளியே இருக்கிறது, சேலத்துப் பெரியவரின் போனில் இருக்கிறது. அனுப்பியதைத் திரும்ப அழைக்க எந்தப் பரிவர்த்தனைக்கும் கை நீளாது. வெளியுலகைத் தொடும் இடத்தில் இரண்டு தடவை வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நாம்தான் விடை எழுத வேண்டும்.

போடுகிற பக்கத்திலும் இதே மாதிரி ஒரு ஓட்டை உண்டு. ஆர்டரை டேட்டாபேஸில் எழுதிவிட்டு அடுத்த வரியில் மெசேஜ் போடுவோம். நடுவில் நிரல் செத்தால் ஆர்டர் இருக்கும், மெசேஜ் இருக்காது. பார்சல் கிடங்கிலேயே கிடக்கும். வரிகளை இடம் மாற்றினால் மெசேஜ் இருக்கும், ஆர்டர் இருக்காது, அது இன்னும் மோசம். ஆர்டரை எழுதும் அதே பரிவர்த்தனையில் 'அவுட்பாக்ஸ்' என்ற டேபிளில் மெசேஜையும் எழுதிவிட்டு, வேறொரு நிரல் அதை எடுத்து காஃப்காவில் போடுவதுதான் தீர்வு. டெபீசியம் போன்ற கருவிகள் டேட்டாபேஸின் மாற்றப் பதிவையே வாசித்து இதைச் செய்கின்றன. இதைச் செய்து முடிக்க இரண்டு வாரம் ஆனது. நான் செய்தவற்றில் மிக உபயோகமான இரண்டு வாரம் அது.

இப்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் காட்டுவது, ராபிட் மாதிரியான க்யூவும் காஃப்கா மாதிரியான நோட்டும் ஒன்றையொன்று நோக்கி வளைவதை. ராபிட்எம்க்யூ 2021-ல் 3.9 பதிப்பில் ஸ்ட்ரீம் என்ற பெயரில் மொய் நோட்டை உள்ளே கொண்டுவந்தது. அதற்கு முன்பே 2019-ல், ராஃப்ட் முறையில் பல கணினிகள் ஒத்துப்போய்த்தான் எழுதும் க்வோரம் க்யூக்களைக் கொடுத்தது. க்யூவின் நகல்களைப் பல கணினிகளில் வைத்திருந்த பழைய மிரர் க்யூக்களை 2024-ல் 4.0 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். நெட்வொர்க் பிளவுபட்ட நேரங்களில் மிரர் க்யூக்களோடு பட்டவர்கள் யாரும் அதற்கு வருந்தியிருக்க மாட்டார்கள்.

காஃப்கா எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. 2025 மார்ச்சில் வந்த 4.0-ல், காஃப்கா கூட்டத்தின் நிலைக் கணக்கைத் தனியாக வைத்திருந்த ஜூகீப்பர் என்ற மென்பொருள் போய்விட்டது. தனியாக இன்னொரு கூட்டத்தைக் கட்டி மேய்க்கும் வேலை மிச்சம். அதே பதிப்பில் 'ஷேர் குரூப்' என்பதைச் சோதித்துப் பார்க்கும் அளவில் கொடுத்தார்கள். ஒரே பார்ட்டிஷனைப் பல கன்ஸ்யூமர்கள் பகிர்ந்து வாசிக்கலாம், ஒவ்வொரு மெசேஜுக்கும் தனித்தனியாக ஒப்புகை கொடுக்கலாம், முடியாததைத் திருப்பிக் கொடுக்கலாம். அதாவது யார் எதை வாங்கினார் என்ற கணக்கை ப்ரோக்கர் மறுபடி தன் கையில் எடுத்துக்கொள்கிறது. எங்கள் எஸ்எம்எஸ் வேலைக்கு அன்றே தேவைப்பட்டது இதுதான். ஒரு மெசேஜுக்கு நிமிடக்கணக்கில் ஆகும் வேலைகள் இப்போது பெருகிவருவதால், ஏஐ மாடலைக் கூப்பிட்டுக் காத்திருக்கும் வேலைகளையும் சேர்த்து, இதன் தேவை கூடும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம் நோட்டைச் சேமிக்கும் இடம் மாறுகிறது. யாஹூவில் உருவாகி 2016-ல் வெளிவந்த பல்சார், மெசேஜை வாங்கிக் கொடுக்கும் கணினிகளையும் சேமிக்கும் கணினிகளையும் முதலிலேயே பிரித்தது. காஃப்காவிலும் இப்போது பழைய பக்கங்களைக் கிளவுட் சேமிப்புக்கு இறக்கிவிடலாம். பணம் கணிசமாக மிச்சமாகும் இடம் இது. ஆனால் பழைய பக்கத்தை வாசிக்க நேரம் கூடும், அதையும் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சிறிய நிறுவனம் நடத்துகிறவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே காஃப்கா வேண்டும் என்று ஓட வேண்டாம். போன வருடம் கோயம்புத்தூரில் உதிரிபாகம் விற்கும் ஒருவர் ஆலோசனை கேட்டு வந்தார். விநாடிக்கு ஐந்து மெசேஜ் கூட இல்லை. அவரிடம் ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இருந்தது. அதிலேயே ஒரு டேபிள், வரிசையில் பூட்டப்பட்ட வரிகளைத் தாண்டி அடுத்ததை எடுக்கும் 'ஸ்கிப் லாக்ட்' வசதி 9.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது, அது போதும் என்றேன். ஆர்டரும் மெசேஜும் ஒரே பரிவர்த்தனையில் எழுதப்படுவதால் அவுட்பாக்ஸ் தொல்லையும் இல்லை. அவருடைய பையன் ஒருவனே அதைப் பார்த்துக்கொள்கிறான்.

கடைசியாக, எங்கள் தோப்பில் நடந்தது. கஜா புயல் 2018 நவம்பரில் எங்கள் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. மறுபடி வைத்த தென்னம்பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாய்ச்ச என் தம்பி போர் மோட்டாரைப் போனிலிருந்து இயக்கும்படி ஒரு சிறிய கன்ட்ரோலர் வைத்தான். அது பேசுவது எம்க்யூடிடி, சிறிய கருவிகளுக்கான மெசேஜ் நெறிமுறை. 1999-ல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. மோசமான லைன், குறைந்த பேட்டரி என்று வைத்தே வடிவமைத்தார்கள், எங்கள் தோப்புக்கு அதனால்தான் பொருந்துகிறது. ஆரம்பத்தில் அவன் ஒரே கட்டளை வைத்திருந்தான், 'மாற்று'. ஓடினால் நிற்கும், நின்றால் ஓடும். லைன் விட்டு வரும்போது ஒரே கட்டளை இரண்டு முறை சேர்ந்தால் மோட்டார் போட்ட மாதிரி போட்டு நின்றுவிடும். 'ஓடு', 'நில்' என்று பிரிக்கச் சொன்னேன். இரண்டு முறை வந்தாலும் ஓடுவது ஓடும்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். "அக்கா, நான் போனத் தொடவே இல்ல. மோட்டார் தானா ஓடுது. வாய்க்கா நெறஞ்சு தோப்புக்குள்ள தண்ணி நிக்குது."

"கரண்ட் போயிட்டு வந்துச்சா?"

"ஆமா, அப்பவே வந்துருச்சு."

அந்தக் கட்டளை யார் கையில் இருந்தது என்று யோசித்தேன். அவன் கையில் இல்லை. கன்ட்ரோலர் கரண்ட் இல்லாமல் கிடந்தது, அதன் கையிலும் இல்லை. மிச்சம் இருப்பது ப்ரோக்கர்தான். எம்க்யூடிடியில் 'ரிடெய்ன்' என்று ஒரு குறி உண்டு. அதைப் போட்டு அனுப்பிய கடைசி மெசேஜை ப்ரோக்கர் பத்திரமாக வைத்திருந்து, புதிதாக வந்து சேருகிற எவருக்கும் கொடுக்கும். தம்பியின் நிரலில் 'ஓடு' பொத்தான் ரிடெய்னோடு அனுப்பியது. 'நில்' பொத்தானை அவன் பிறகு சேர்த்தான், அதில் அந்தக் குறி இல்லை. மாலையில் அவன் நிறுத்தியது மோட்டாரை நிறுத்தியது, ஆனால் ப்ரோக்கரின் கையில் காலையில் போட்ட 'ஓடு' அப்படியே இருந்தது. கரண்ட் வந்ததும் கன்ட்ரோலர் போய்க் கேட்டது, ப்ரோக்கர் எடுத்துக் கொடுத்தது.

முதலில் 'நில்' அனுப்பச் சொன்னேன். பிறகு அதே டாபிக்குக்கு ரிடெய்ன் குறியோடு வெற்று மெசேஜ் ஒன்றை அனுப்பச் சொன்னேன், அப்படிச் செய்தால் ப்ரோக்கர் வைத்திருப்பதை விட்டுவிடும். கட்டளைக்கு இனி ரிடெய்ன் வேண்டாம், மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்று கன்ட்ரோலர் சொல்லும் நிலைக்கு மட்டும் போதும் என்று பொத்தானின் நிரலையும் அப்போதே திருத்த வைத்தேன்.

"நாளைக்கும் கரண்ட் போயிட்டு வந்தா என்னக்கா ஆகும்?" என்றான்.

"இப்பவே பாத்துருவோம். கன்ட்ரோலர் ப்ளக்கப் புடுங்கிட்டு மறுபடி சொருகு."

பிடுங்கினான், செருகினான். ஒரு நிமிடம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தோம். தோப்பிலிருந்து தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.